அவர் மாற்றிச் சொருகிய கேபிள்

எண்பதுகளின் கடைசியில் வேலூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இருந்தேன். மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி டிரைவே இல்லை என்கிறதாம். ஜீப் அனுப்பியிருந்தார்கள்.

மலை ஏறும்போது டிரைவர்தான் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த கிளார்க், போன மாதம் பைக்கோடு பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டார்.

"அன்னியிலேர்ந்து மிஷினைப் போட்டா டிரைவு லைட்டு அணையறதே இல்ல சார். அவரு இன்னும் வேலைய வுட்டுப் போவலன்றாங்க. அந்த ரூமுக்கு அவரு சம்சாரம் மட்டுந்தான் போவும். இங்கதான் நர்ஸா இருக்குது."

சுவிட்சைப் போட்டேன். உள்ளே ஃப்ளாப்பி எதுவும் இல்லாமலே சிவப்பு விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. வாசலில் அந்த நர்ஸ் வந்து நின்றார்.

"அன்னிக்குக் காலைல பொட்டியத் தொறந்து தூசி தட்டினாருங்க. டவுனுக்கு நேரமாச்சுன்னு அவசரமா மூடிட்டுக் கிளம்பினாரு."

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். டிரைவுக்குப் போகும் பட்டைக் கேபிள் தலைகீழாகச் சொருகியிருந்தது. அப்படிச் சொருகினால் விளக்கு அணையாது, டிரைவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தொழில் பழகியபோது நானே பலமுறை செய்த தவறு. அவர் துடைத்த டிரைவின் தகட்டின்மேல் அவர் விரல் தடங்கள் அப்படியே இருந்தன. அவற்றின்மீது கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓரமாகப் பிடித்துக் கேபிளை உருவி, சரியாகச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. டிரைவைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டது.

"இனிமே எரியாதா?"

"ஃப்ளாப்பி படிக்கும்போது மட்டும் எரியும்மா."

"இன்னா ஆச்சு அதுக்கு?"

பொய் எதுவும் தோன்றவில்லை. "கேபிளை மாத்திச் சொருகிட்டாரும்மா."

அவர் உள்ளே வந்தார். "அவரு சொருகின மாதிரி ஒரு வாட்டி போடுங்க."

போட்டேன். விளக்கு எரிந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். அழவில்லை. தூங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் இருப்பதாகவே பட்டது.

"போதுங்க," என்று அவரே சுவிட்சை அணைத்தார். "எந்தப் பக்கம் சொருகணும்? நானே செய்றேன்."

காட்டினேன். கேபிளை உருவி, அவரே சரியாகச் சொருகினார். மூடியை நான் திருகினேன்.

வார்டில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார். அதன்பின் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. வந்திருந்தாலும் அந்த அறைக்குள் மறுபடி போக எனக்குத் துணிவிருந்திருக்காது, கடையில் வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருப்பேன்.