சுலோசனா கொடுத்த துறைமுகம்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் சுலோசனாவை மடக்கி மீன் வாங்கியவர் யாருமில்லை. பத்து வருஷமாக அங்கே ஏலம் விடுகிறாள். வியாபாரிகள் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை அமுக்கப் பார்த்தால், கூடையைத் தூக்கி மூன்றாவது ஆள் முன்னால் வைத்துவிடுவாள். அவன் வாங்குகிறானோ இல்லையோ, முதல் இரண்டு பேரும் தாங்களாகவே விலையை ஏற்றிவிடுவார்கள். வாய்தான் பொல்லாதது. காலையில் அவளிடம் திட்டு வாங்காமல் வண்டி ஏற்றியவர்கள் குறைவு.

அந்த வாய் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அம்மாவாசை போன விசைப்படகு இன்ஜின் பழுதாகி எல்லை தாண்டி மிதந்தது. பக்கத்து நாட்டுக் கடற்படை படகோடு பிடித்துக்கொண்டு போனது. ஏழு மாசம் சிறை. சுலோசனா மற்ற பெண்களோடு சேர்ந்து ஏறாத ஆபீஸ் இல்லை. எந்த மேசைக்குப் போனாலும் ஒரே பதில்தான்: "பேச்சுவார்த்தை நடந்துகிட்டு இருக்கும்மா." அம்மாவாசை திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. வலை பின்னிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டான். உள்ளே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடும்பம் நடக்க வேண்டுமே என்று சுலோசனா ஏலக் கூடத்துக்குப் போனாள்.

உழவர்கரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தும் மதிவாணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் வாங்க வருவார். போன மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக்கிடந்தபோது, வம்பாகீரப்பாளையத்தில் இருந்த அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு நாள் ஒரு விளையாட்டு நடத்துறோம்மா. போர் விளையாட்டு. நீங்க வரணும்."

"கெயவி நான் என்னா சார் வெளையாடப் போறேன்?"

அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு கற்பனைத் தீவு. தேர்தலில் தோற்ற அதிபர் மாளிகையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். ஜெயித்தவர் வேறு ஊரில் பதவி ஏற்றுவிட்டார். பட்டாளம் பாதிப் பாதியாகப் பிரிந்து நிற்கிறது. வெளியே நீல நாடு, சிவப்பு நாடு என்று இரண்டு பெரிய நாடுகள் கப்பலோடு காத்திருக்கின்றன. யார் நுழைவார்கள், நுழைந்தால் என்ன ஆகும் என்று ஆடிப் பார்க்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டது. அந்தத் தீவின் கடற்கரை ஜனங்களாக உட்காரத்தான் ஆள் இல்லை.

"மத்த எடத்துக்கெல்லாம் யாரு?"

"ரிட்டயர்டு ஆபீசருங்க, புரொபசருங்க."

சுலோசனா வருவதாகச் சொன்னாள்.

பெரிய கூடத்தின் நடுவில் கட்டில் அகலத்துக்கு வரைபடம் விரித்திருந்தது. சுற்றிலும் மேசைகள். நீல நாட்டு மேசையில் நெடுமாறன் உட்கார்ந்திருந்தார். கடற்படையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சுலோசனாவின் மேசை கதவோரம் இருந்தது. ஒரு சுற்று என்பது ஒரு வாரம். என்ன செய்ய வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், மதிவாணன்தான் நடுவர்.

முதல் சுற்றிலேயே நெடுமாறன் தீவைச் சுற்றி மரப் பொம்மைக் கப்பல்களை அடுக்கினார். பழைய அதிபர் பணியும்வரை கடல் மூடப்படுகிறது, எந்தப் படகும் இறங்கக் கூடாது.

விடிகாலை நாலு மணி நேரமாவது கடலைத் திறந்துவிடும்படி சுலோசனா சீட்டு எழுதினாள். பதில் வந்தது: கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இரண்டாவது சுற்றில் அரிசி கேட்டாள். பதில் வந்தது: பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சீட்டை இரண்டு தடவை படித்தாள். காது சூடேறியது. எழுந்து நேராக நீல மேசைக்குப் போனாள்.

"இது யாரு எழுதுனது?"

நெடுமாறன் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான். ஏம்மா?"

"யார்கிட்ட சார் பேசிகிட்டு இருக்கீங்க?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம். உங்க எடத்துல போய் உக்காருங்க."

மூன்றாவது சுற்றில் அவள் எதையும் கேட்கவில்லை. படகுகள் இறங்குகின்றன என்று மட்டும் எழுதினாள். மதிவாணன் பகடையை உருட்டினார். ஒன்பது படகு மூழ்கியதாகத் தீர்ப்பானது. நெடுமாறன் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, "தாங்கக்கூடிய சேதம்தான்" என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அதுதான் சுலோசனாவுக்கு ஆறவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அவள் தொடவில்லை.

மறுநாள் காலை வந்ததும் தன் மேசைக்குப் போகாமல் சிவப்பு நாட்டு மேசைக்குப் போனாள். அங்கே இருந்த பேராசிரியர்கள் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் வரைபடத்தைக் காட்டினாள்.

"இந்தத் தெக்குத் தொறமுகம் எங்க ஜனங்க கையில இருக்குது. அரிசி, டீசல், ஐஸ் குடுங்க. உங்க கப்பல் இங்க வந்து நிக்கட்டும். நாங்களே கூப்புட்டோம்னு எழுதித் தரேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

நடுவர் சீட்டை உரக்கப் படித்ததும் எல்லாரும் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்கள். நெடுமாறன் தன் பட்டாளத்தை இறக்க வைத்திருந்த இடமே அந்தத் தெற்குத் துறைமுகம்தான். அவர் எழுந்து நின்றார்.

"இத ஒத்துக்க முடியாது. ஜனங்க இப்பிடிச் செய்ய மாட்டாங்க. இது துரோகம்."

"எந்த ஜனங்களப் போயி கேட்டீங்க?" என்றாள் சுலோசனா.

"வெளிநாட்டுக்காரன் உள்ள வந்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க மட்டும் அந்தத் தீவுலயா பொறந்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். நெடுமாறன் முகம் கறுத்தது. அந்தச் சுற்றை ரத்து செய்து மறுபடி ஆட வேண்டும், மக்கள் நடுநிலையில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மதிவாணனிடம் சொன்னார். மதிவாணனுக்கும் வேறு வழி தெரியவில்லை. தயங்கித் தயங்கி, "அம்மா, ஒரு சுற்று மட்டும் நீங்க சும்மா இருங்களேன்" என்றார்.

சுலோசனா வரைபடத்தின் மேல் கையை வைத்தாள். தெற்குத் துறைமுகம் உள்ளங்கைக்குள் மறைந்தது.

"கைய எடுங்க" என்றார் நெடுமாறன்.

"எடுக்க மாட்டேன். நீங்க கப்பல உட்டா அது ஆட்டம், நான் தொறமுகத்தக் குடுத்தா அது தப்பாட்டமா?"

பத்து நிமிஷம் அப்படியே நின்றார்கள். கடைசியில் மதிவாணன், அவள் ஆட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். நெடுமாறன் நோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியேறினார். நீல நாட்டுக்கு ஆள் இல்லாமல் விளையாட்டு அங்கேயே நின்றுபோனது. சுலோசனாவை வீட்டில் கொண்டுவிட்ட வேனில் டிரைவரைத் தவிர யாரும் வரவில்லை.

அவள் ஜெயித்த தெம்பில்தான் வீட்டுக்குள் நுழைந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவாசையிடம் சொன்னாள். அவன் வலையைக் கீழே வைத்தான்.

"அவுங்ககிட்ட தொறமுகத்தக் குடுத்தியா?"

"வெளையாட்டுய்யா."

"வெளையாட்டுல குடுத்தவ நெசத்துலயும் குடுப்ப. எவன் எவனையோ கூப்புட்டு நடுவூட்டுல உக்கார வெச்சிட்டு வந்து சோறு துன்றியா நீ?"

"ஒம்போது படக முழுகடிச்சான். நான் என்னா பண்ணணும்ன்ற?"

அவன் வலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். எட்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் வைத்த தட்டைத் தள்ளிவிட்டு, சட்டியிலிருந்து தானே போட்டுத் தின்றான். இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. சுலோசனாவும் இறங்கிப் போகவில்லை. கூடத்தில் அத்தனை பெரிய மனுஷர்கள் முன்னால் நின்றவளுக்கு இந்த ஒரு ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அவளே சண்டையை இழுத்தாள். "என்னாதான் தப்புன்னு வாயத் தொறந்து சொல்லு."

அவன் மடங்காத விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"ஜெயில்ல மொத வாரம் நல்லாதான் சோறு போட்டானுங்க. மீனுகூடப் போட்டான். காய்தத்துல கையெழுத்துப் போடச் சொன்னான். என்னா ஏதுன்னு தெரியல. சோறு போட்டானேன்னு எல்லாரும் போட்டோம். அதுக்கப்புறந்தான் அடி."

சுலோசனா வாசலில் உட்கார்ந்தாள். சிவப்பு மேசையில் அவசரமாகப் பேனாவைத் திறந்த அந்த ஆளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் அரிசி கொடுத்த பிறகு என்ன கேட்டிருப்பார்கள் என்று அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"நீயா இருந்தா என்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டாள்.

"படக எறக்க உட்டிருக்க மாட்டேன்."

"பட்டினி கெடக்கவா?"

"கெடந்திருப்போம்."

"நீ கெடப்ப. புள்ளைங்க?"

அவன் வலைப் பக்கம் திரும்பினான். அவள் விடவில்லை. இரண்டு சீட்டுக்கும் அப்படி ஒரு பதில் வந்த பிறகு மூன்றாவது தடவையும் கெஞ்சி எழுதத் தன் கை வரவில்லை என்று சொன்னாள். அதற்கு அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு வலையை எடுத்தான்.

இன்றுவரை அம்மாவாசை அவள் செய்ததைத் தப்பு என்றுதான் சொல்கிறான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்தத் துறைமுகத்தை வைத்து வீட்டில் கத்தல் நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர்களுக்கு எங்கே துறைமுகம் இருக்கிறது என்று முழிப்பார்கள். பதினோரு வருஷம் வாய் திறக்காதவன், அந்தச் சண்டைகளுக்கு நடுவில், கோபத்தில் தெறித்து விழும் வார்த்தைகளாக, உள்ளே நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிவருகிறான்.