நான்காவது கல்லை விழுங்கிய சேறு

சர்வே ஆபீஸில் சங்கிலி பிடிக்கிறவனுக்கு அளக்கத் தெரிந்தால் போதும். எதற்காக அளக்கிறோம் என்று கேட்கக் கூடாது. ஒரு கையெழுத்துக்காக நாலு கவுண்டரில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய உங்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? எண்பதுகளின் தொடக்கத்தில், யான் என்ற ஊருக்குப் பக்கம் ஜெராய் மலையடியில், ஈயம் தோண்டியவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போன லம்பம், அதாவது பழைய சுரங்கக் குழி ஒன்றை அளக்கப் போனோம். அரசாங்க நிலம். அதை மாவட்ட மன்றத்துக்கு மாற்றிக் கொடுத்தால், மன்றம் அந்த நச்சுச் சேற்றை அள்ளிச் சுத்தம் செய்யும் என்று ஏற்பாடு.

ஒரு கிளாஸ் தண்ணீர்

சேற்றுக் குட்டையை ஒட்டி இருந்த ஒரே வீடு ஆரோக்கியம் அக்காவுடையது. முதல் நாள் அவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் காட்டினார். துரு நிறம், மேலே எண்ணெய் போல ஒரு படலம். அதில் குளித்துத்தான் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். வாத்துகள் ஒரே வாரத்தில் செத்துப் போயினவாம். குடிக்க மட்டும் மாதா கோயில் பைப்பிலிருந்து சைக்கிளில் டின்னாகக் கட்டிக்கொண்டு வருகிறார். அதிலிருந்து எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார்.

"குடி தம்பி, இது கோயில் தண்ணி. கிணத்துத் தண்ணிய ஆபீஸ் பெரியவங்க வந்தா கொடுக்கலாம்னு வெச்சிருக்கேன்லா."

கல் தின்னும் குட்டை

நாலு மூலையிலும் எல்லைக் கல் நட்டால்தான் பிளான். பிளான் வந்தால்தான் நிலம் கைமாறும். மூன்று கல் நட்டாயிற்று. நான்காவது மூலை அக்கா வீட்டுப் பக்கம், நட்ட நடுச் சேற்றில். எங்களை மேய்க்கும் மேஸ்திரி, மண்டோர் மணியண்ணனும் நானும் இடுப்பளவு இறங்கிக் கல்லை நிறுத்தினோம். சாப்பிட்டு வந்து பார்த்தால் கல்லைக் காணோம். மறுநாள் இன்னொன்று, அதுவும் போனது. அடுத்ததற்கு அடியில் பலகை கட்டினோம், பலகையோடு போனது. தாத்தா சொன்ன கதையில் அரக்கன் நாளுக்கு ஒரு வண்டிச் சோறுதான் தின்றான். இவன் கல்லே தின்றான்.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "ஏண்ணே, கல்லே தாங்கலையே, எம்புள்ளைங்க தாங்குமா?"

கோப்பியும் பதிலும்

மன்ற ஆபீஸுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்குக் குரலே எழாது, அதற்காகவே அனுப்பியிருப்பார்கள். அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் சேற்றை அள்ளிக் கொடுத்தால் கல்லை நட்டுவிடலாம் என்றேன். நிலம் இன்னும் மன்றத்துக்கு வரவில்லை, அடுத்தவர் நிலத்தில் மண்வெட்டி வைக்க முடியாது என்றார் அதிகாரி. எப்போது வரும் என்றேன். கல் நட்டதும் என்றார். சேற்றை அள்ளினால்தானே கல் நிற்கும் என்று மறுபடி சொன்னேன். அவரோ கோப்பி வரவழைத்துக் கொடுத்து, தோளில் தட்டினார்.

"சபார்லா தம்பி, கொஞ்சம் பொறுங்க. நீங்க கல்லை நடுங்க, மறுநாளே லாரி அனுப்பறேன்."

கெட்டித் தரை

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கல் நிற்கிற இடத்தில் நடு. அறுபது அடி உள்ளே தள்ளி, கெட்டித் தரையில் நட்டோம். நின்றது. நான்தான் மிதித்து இறுக்கினேன். சங்கிலியை இழுத்துக் கோடு பார்த்தபோதுதான் உறைத்தது: சேறு மொத்தமும் கோட்டுக்கு வெளியே. "அண்ணே, அள்ள வேண்டியதே வெளிய நிக்குதே!" என்றேன். மணியண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சங்கிலியச் சுருட்டுடா."

சொன்ன சொல்

அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே லாரி வந்தது. எந்தக் கெடுதலும் இல்லாத நிலத்தில் லாலான் புல்லை வெட்டி, பந்தடிக்கக் கம்பம் நட்டு, சுத்தம் செய்யப்பட்டது என்று போர்டும் வைத்துவிட்டுப் போனார்கள். மிச்சக் கருவிகளை எடுக்கப் போன நான் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அவரே கிணற்றில் இறைத்து, அதே கிளாஸில் ஊற்றி நீட்டினார். துரு நிறம்.

"குடிங்க சார்."

நான் நட்ட கற்களில் இன்றும் அசையாமல் நேராக நிற்பது அந்த நான்காவது கல்தான். அதைவிடக் கோணலாக எதையும் நான் நட்டதில்லை.