தோளில் மூன்று தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், கையில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது. கதை கட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரமும் கிடையாது.

எட்டு வருஷம் பல இடங்களில் துடைப்பம் பிடித்தவள் நான். ஒரு தொழிற்சாலையில் கூட்டும் வேலைக்குச் சேர்ந்த மாதமே, பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி மெஷினை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பம்ப் ரூம் பின்னாடி ஒரு துண்டு நிலம் இருக்கு. நாலு பேர் பாதியில போட்டுட்டு ஓடிட்டானுங்க. அஞ்சு மணிக்குள்ள முடிச்சா மெஷின் உனக்கு. இல்லன்னா பழையபடி துடைப்பம்தான்."

"மூணரைக்கே முடிச்சிடுறேன்."

வாய்க்கொழுப்புதான். என்ன செய்ய, கூடவே பிறந்தது.

பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்தேன். சுழன்று புல்லை வெட்டும் நைலான் நரம்பைப் புதிதாகச் சுற்றினேன். வாரைத் தோளில் மாட்டி, காதுமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். இடுப்பளவு புல்.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. மெஷின் ஓட்டுகிற ஆளைப் பின்னாலிருந்து தொடவே கூடாது. தொட்டால் சட்டென்று திரும்புவார். மெஷினும் கூடவே திரும்பும். பின்னால் நிற்பவர் கதி அவ்வளவுதான். கூப்பிட வேண்டுமானால் சுற்றிக்கொண்டு எதிரே போய், தள்ளி நின்று கையாட்ட வேண்டும்.

மணி 2:40. இடது தோளில் யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. மெதுவாக...

உடம்பு தானாகத் திரும்பப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மெஷினை அணைத்தேன். பிறகுதான் திரும்பினேன்.

யாருமில்லை. வெட்டிப் போட்ட புல்லின் மேல் இரண்டு வெறுங்கால் தடம். நான் போட்டிருந்தது பூட்ஸ்.

மறுபடி கிளப்பக் கயிற்றை இழுத்தேன். மெஷின் கிளம்பவில்லை. பதற்றத்தில் இழுத்து இழுத்து, பெட்ரோல் உள்ளே நிரம்பிவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. துடைத்தேன். பிளக் இல்லாமலே ஆறு தடவை கயிற்றை இழுத்து, உள்ளே இருந்ததை வெளியேற்றி, மறுபடி மாட்டினேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். என் பிழைப்பில் மண்ணைப் போட இது யார்?

2:58. மெஷின் கிளம்பியது. ட்ர்ர்ர்ர்...

3:06. மறுபடி மூன்று தட்டு.

நான் திரும்பவில்லை.

"யாரா இருந்தாலும் சரி, முன்னால வா. பின்னால நின்னு தட்டுற வேலை என்கிட்ட வேணாம்."

காற்றே இல்லை. இடது பக்கம் வெட்டாத புல் சாய்ந்தது. ஓர் அடி... இன்னோர் அடி...

சுற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு எதிரே, பதினைந்தடி தள்ளி, நின்றது.

மெஷினை அணைத்தேன்.

சாய்ந்த புல் மெல்ல நிமிர்ந்தது...

ஓடியிருக்கலாம். துடைப்பம் ஞாபகத்துக்கு வந்தது. 3:28-க்கு முழுத் துண்டையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மேஸ்திரி பம்ப் ரூம் மூலையிலேயே நின்றார். அந்த நிலத்தில் கால் வைக்கவில்லை.

"மூணு தட்டு தட்டினாங்க," என்றேன். "முன்னால வரச் சொன்னேன். வந்து தள்ளி நின்னாங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இங்க மெஷின் ஓட்டினவன் நான்தான். அப்ப நரம்பு இல்ல, இரும்பு பிளேடு. என் பொண்டாட்டி வீட்டுச் சாவி வாங்க வந்தா. ஈரப் புல்லு, செருப்பு வழுக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டு..."

வெறுங்கால் தடத்தைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"சத்தத்துல கூப்பிட்டாக் கேக்காதுன்னு தோள்ல தட்டினா," என்றார். "நான் திரும்பிட்டேன்."