சித்தி பம்பர் பார்த்த கதை

அந்த மருத்துவக் குழுவில் அவளை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர் அவளைவிட வயதில் மூத்தவர். அவருக்கும் அவள் சித்திதான். கூடப்பிறந்த தம்பியின் பிள்ளைகளுக்கு முறைப்படி அவள் அத்தை. ஆனால் கண்டவர்களெல்லாம் சித்தி சித்தி என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்ததில் அதுகளும் சித்தி என்றே கூப்பிட்டன. தம்பி ஒருவன்தான் அக்கா என்பான். "நல்லவேளை, நீயாவது முறையை மறக்காம இருக்கியே" என்று அவனைச் சீண்டுவாள்.

ஜீப் ஓட்டுவது அவள் வேலை. சும்மா கடைத்தெருவுக்குப் போய்வரும் ஜீப் அல்ல. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, சேற்றிலும் பாறையிலும் ஏறுகிற முரட்டு வண்டி. வாரம் ஒருமுறை ஓடையைத் தாண்டி மேட்டுக் குடியிருப்புகளுக்கு மருத்துவக் குழு போகும். முன்னால் அவள் ஜீப். பின்னால் தம்பி ஓட்டும் மருத்துவ வேன். பரிசோதனைக் கட்டில், ஊசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் வேனில்தான் இருந்தன. அந்த வேனுக்கு எதிர்க்கரைச் சேற்றில் ஏறும் திராணி கிடையாது. அதனால் ஜீப் முதலில் ஏறி நிற்கும். அதன் பின்னால் ஒரு தடித்த பட்டையை மாட்டி வேனை இழுத்துக் கரையேற்றுவார்கள். அப்போது வேனில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். ஸ்டியரிங் பிடிப்பவன் மட்டும் உள்ளே இருந்தாக வேண்டும்.

முப்பது வயதுக்கு மேல்தான் அவள் வண்டியே ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் கணவர் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர், சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத சாது. வீட்டில் யாராவது ஒருவருக்கு ஓட்டத் தெரிந்தால் தேவலை என்றுதான் அவள் கிளம்பினாள். உரிமத் தேர்வில் இரண்டு தடவை தோற்றாள். எதையும் இடிக்கவில்லை, பின்னால் எடுக்கச் சொன்னால் அவ்வளவு மெதுவாக எடுத்தாள். மூன்றாம் தடவை அதே அதிகாரி, "அம்மா, நீங்க இந்த ஜென்மத்துல யாரையும் இடிக்க மாட்டீங்க, இறங்குங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன்பின் பள்ளிக்கூட வேன், காய்கறி லாரி, கடைசியில் இந்த ஜீப். அவர் சொன்னபடியே இதுவரை யாரையும் இடிக்கவில்லை. அடிபட்டது வேறு வழியில்.

பட்டை மாட்ட ஜீப்போடு வந்த கொக்கி அடியில், சேஸிஸ் சட்டத்தோடு ஒட்டி இருந்தது. வண்டியின் மொத்த பாரத்தையும் தாங்குகிற சட்டம் அது. பட்டையை மாட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் சேற்றில் மல்லாந்து படுத்துக் கையால் துழாவ வேண்டும். ஒருநாள் சலித்துப்போய், பின் பம்பரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கொக்கியைப் பற்றவைத்துக்கொண்டாள். குனியாமல் மாட்டலாம். எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் அந்த பம்பர் வெறும் தகடு. அடைமழை பெய்த ஒரு வாரம், வேன் அச்சு வரை புதைந்து கிடக்க, இவள் இழுத்த இழுப்பில் தகடு கிழிந்தது. கொக்கி பட்டையோடு பறந்து போய் வேனின் முன்கண்ணாடியைத் துளைத்தது. தம்பியின் புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும்.

தம்பி ஆஸ்பத்திரியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கண்ணாடி மாற்றி வேனை எடுத்தபோதும் சிரித்தான். ஓடைக்கரைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அக்கா, இது வரைக்கும் ஓட்டறேன். பட்டையை மாட்டிட்டா என்னால அந்த சீட்ல உக்கார முடியல. கை நடுங்குது."

டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். "இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. யாரையும் வற்புறுத்தி அந்த சீட்ல உக்கார வைக்கறதா இல்ல. சித்தி, அவனே உக்காரறேன்னு சொல்ற வரைக்கும் வேன் ஓடை தாண்டாது."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வேன் தாண்டவில்லை என்றால் அக்கரையில் நடக்க முடியாத கிழவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியம் இல்லை. நடக்க முடிந்தவர்கள் தண்ணீரில் இறங்கி இக்கரைக்கு வந்தார்கள். முடியாதவர்கள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் சோம்பல்தான் தம்பியின் கையை நடுங்க வைக்கிறது, அக்கரைக்காரர்களை அங்கேயே நிறுத்தி வைக்கிறது என்று சித்தி தன்னையே நொந்துகொண்டாள். ராத்திரி சோறு இறங்கவில்லை.

குழுவுக்கு அவ்வப்போது உதவுகிற சோபாக்கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். நல்ல மனுஷர். விளம்பரத்தில் மட்டும் கொஞ்சம் ஆசை அதிகம்.

"புது பம்பர் என் பொறுப்பு சித்தி. நல்லா கம்பீரமா பாருங்க. கடை பேரு தெரியற மாதிரி கொஞ்சம் அகலமா இருக்கட்டும், அவ்வளவுதான்."

முரட்டு வண்டிகளுக்கான உதிரிச் சாமான் கடையில் பம்பர்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. சித்தி ஒவ்வொன்றையும் முஷ்டியால் குத்திப் பார்த்தாள். கை எதில் அதிகம் வலித்ததோ அதைத் தேர்ந்தெடுத்தாள். கனத்த இரும்புப் பலகை, கூடுதல் டயர் மாட்டும் கை, எண்ணெய் கேன் வைக்கும் கூடு, இரண்டு விளக்கு. "யானை முட்டினாலும் அசையாதும்மா" என்றார் விற்பனையாளர். பயந்துபோனவள் கண்ணுக்குக் கனமாக இருப்பதெல்லாம் பத்திரமாகத் தெரிந்தது.

வண்டியில் மாட்டியாயிற்று. சோபாக்கடையின் பெயர் ஒரு முழ நீளத்துக்குப் பளபளத்தது. பேக்கரியிலிருந்து மாவு ஒட்டிய கையோடு வந்த கணவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு வண்டிக்குப் பின்னாடி இன்னொரு வண்டி நிக்கற மாதிரி இருக்கே" என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் தம்பி வந்து பார்த்திருந்தான். அந்த இரும்பைத் தடவிப் பார்த்து, "இது தாங்கும் போலிருக்கே அக்கா. இந்த வாரம் உக்காந்துடறேன்" என்று சொல்லியிருந்தான். அந்தச் சொல்லுக்காக அவள் இரும்பு மலையையே கட்டி இழுத்திருப்பாள்.

வண்டியில் எதை மாற்றினாலும் சித்திக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால், ஆட்களின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தனியாக ஒருதரம் அந்தப் பாதையில் போய்வருவாள். டாக்டருக்கு ஒரு மூட்டை, நர்ஸுக்கு ஒரு மூட்டை, மருந்துப் பெட்டிகளுக்குத் தனி மூட்டை. டாக்டர் கொஞ்சம் பருமன் என்பதால் அவர் மூட்டையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். "என் மூட்டைக்கு எப்பவும் ஜன்னலோர சீட்டா குடுங்க" என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அன்றும் மூட்டைகளோடு போனாள். ஓடைக்குள் இறங்கும்போதே ஸ்டியரிங் கைக்கு அடங்கவில்லை. பின்னால் தொங்கிய பாரம் வண்டியின் மூக்கைத் தூக்கிவிட்டது. முன்சக்கரங்கள் தரையை ஏதோ பெயருக்குத் தொட்டுக்கொண்டிருந்தன. எதிர்க்கரையில் ஏறும்போது பம்பரின் அடிப்பக்கம் மண்ணில் ஊன்றிக்கொண்டது. வண்டி கரையேறுவதற்குப் பதிலாகக் கரையை உழுதது. எப்படியோ பின்வாங்கி இக்கரைக்கு வந்தாள். இறங்கிப் பார்த்தால் கூடை கூடையாகச் சேறு, சோபாக்கடையின் பெயரில் பாதியைக் காணோம்.

கரையில் உட்கார்ந்து தன்னையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டாள். கொக்கி தாங்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஜீப்பே கரையேறாதபோது எதை இழுப்பது? பேசாமல் மருந்துப் பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாமா என்றும் தோன்றியது. தம்பி உட்காருகிறேன் என்று சொன்ன பிறகு, இது வேண்டாம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? சொன்னால் அவன் மறுபடி உட்காருவானா? ஆனாலும் எழுந்தாள். நேராகப் போய் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"தப்பு பண்ணிட்டேன். பயத்துல கனத்தைப் பாத்து வாங்கிட்டேன். இது நமக்கு உதவாது. கழட்டறேன்."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. வேன் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். சோபாக்கடைக்காரர் என்ன குதி குதிக்கப் போகிறாரோ என்று டாக்டரே பயந்தார். கடைக்காரரோ தலையைச் சொறிந்தார்.

"உக்கார முடியாத சோபாவைத் திருப்பிக் கொண்டாந்தா நான் வாங்கிக்கறேனா இல்லையா? அது மாதிரிதான். போய் வேற பாருங்க சித்தி."

இப்படி ஒரு வார்த்தை சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? தான் வாங்கியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அந்தச் சின்ன அறையில் அன்று இரண்டும் நடந்தன.

இரண்டாம் முறை கடைக்குப் போனபோது அவள் எதையும் குத்திப் பார்க்கவில்லை. அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்து, டார்ச்சோடு அடியில் படுத்தாள். கடைக்குள் வண்டிகளில் மாட்டியே வைத்திருந்த பம்பர்களை ஒவ்வொன்றாக அடியிலிருந்து பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி.

"இந்தக் கொக்கியைப் புடிச்சு இழுத்தா எது இழுபடும்?"

"பம்பர்தாம்மா."

"அப்போ வேணாம்."

நகர்ந்து நகர்ந்து கடைசி வண்டிக்கு வந்தாள். அதில் இருந்தது அழகில்லாத, ஒல்லியான பம்பர். ஒரு குழாய், இரண்டு பட்டைத் தகடு. இரண்டு முனைகளும் மேல்நோக்கி வெட்டியிருந்ததால் கரையேறும்போது மண்ணில் இடிக்காது. கூடுதல் டயர் மாட்ட வழியில்லை, விளக்கும் இல்லை. கொக்கி மட்டும் இடுப்பு உயரத்தில் இருந்தது. கேள்வியைக் கேட்டாள். சலவைச் சட்டையோடு விற்பனையாளரும் பக்கத்தில் வந்து படுத்தார். கொக்கியின் தகடு பம்பருக்குள் நிற்காமல் உள்ளே ஓடி, சேஸிஸ் சட்டத்தில் தடித்த போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருந்ததை இருவரும் பார்த்தார்கள்.

"பம்பர் இல்லம்மா. இதைப் புடிச்சு இழுத்தா வண்டியே இழுபடும்" என்றார் அவர்.

"இதைக் குடுங்க."

சோபாக்கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பேரு எழுத இடமே இல்லையே?" சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சேறு தடுக்கும் ரப்பரில் எழுதிக்கொள்ளலாம் என்றாள் சித்தி. எப்போதும் சேறு மூடியே கிடக்கப் போகிற இடம் அது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார்.

மணல் மூட்டைகள் மறுபடி ஓடையைத் தாண்டின. வண்டி அலுங்காமல் கரையேறியது. பட்டறை முற்றத்துக் கான்கிரீட் தூணில் பட்டையைக் கட்டி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுத்தும் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. தம்பி தூர நின்று எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு வேன் சாவியை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

குழு கிளம்பிய நாளில் ஓடையில் தண்ணீர் முழங்காலளவு இருந்தது. அக்கரையில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஜீப் முதலில் ஏறி நின்றது. வேன் தண்ணீரைக் கடந்து வழக்கம்போல எதிர்க்கரைச் சேற்றில் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளிப் போனார்கள். தம்பியும் இறங்கினான். சித்தி குனியாமல் பட்டையை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் வேன் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். ஏறத்தான் பார்த்தான். கால் எழும்பவில்லை.

அவள் சேற்றில் சளக் சளக்கென்று நடந்து வந்து ஜீப் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு நீ இழு. நான் இதுல உக்காந்துக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமாக்கா?"

"பம்பரைப் பொறுக்கினது நான்தானே. அதுக்கு எதிர்ல உக்கார வேண்டியதும் நான்தான். போ."

"அக்கா, வேணாம்."

"மெதுவா இழு. பட்டை விறைக்கற வரைக்கும் அவசரப்படாதே. எனக்குப் பயமா இருக்கு, சீக்கிரம் போய் ஆரம்பி."

உண்மையாகவே அவளுக்குப் பயமாக இருந்தது. இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புதுக் கண்ணாடிக்கு அப்பால், நேர் எதிரே, அவள் தேர்ந்தெடுத்த பம்பரும் அதன் நடுவில் அந்தக் கொக்கியும். ஜீப் உறுமியது. தளர்ந்து கிடந்த பட்டை சேற்றிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட நேராகி விறைத்தது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூடவில்லை. அவள் தம்பி இத்தனை வருஷமாக மூடாமல்தானே உட்கார்ந்திருந்தான்! வேன் ஒரு குலுக்குக் குலுக்கி, சேற்றைவிட்டுப் பெயர்ந்து, மெதுவாக, மிக மெதுவாகக் கரையேறியது. அவளே ஓட்டியிருந்தால்கூட அவ்வளவு மெதுவாக இழுத்திருக்க மாட்டாள்.

அக்கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். டாக்டர் நனைந்த கால்சட்டையோடு வந்து நிம்மதியாக மூச்சு விட்டார். தம்பி ஜீப்பிலிருந்து இறங்கி நேராகப் பம்பருக்கு அடியில் போய்ப் படுத்தான். ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தான். முதுகெல்லாம் சேறாக எழுந்து வந்து வேன் கதவைத் திறந்தான்.

"இறங்குக்கா. இனிமே நீ இழு."

அவள் இறங்கினாள். அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் உயரத்துக்காக முன்னால் இழுத்துப் போட்டிருந்த இருக்கையைத் தன் காலுக்குத் தகுந்தபடி பின்னால் தள்ளிக்கொண்டான்.