வலைப்பூவில் கேன் தண்ணீர்

வலைப்பூ என்ற சொல்லை எனக்கு அறிமுகப்படுத்தியது திருவள்ளூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் காலை வரவேற்புரையில் போனது, மதியம் நெட் வராமல் போனது. மறுநாள் நெட் வந்தது, பயிற்சி கொடுப்பவர் வரவில்லை. ஆனாலும் சமோசாவும் சான்றிதழும் நேரத்துக்கு வந்துவிட்டன. கடைசியில் யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு பள்ளியும் வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கி மாணவர்களை எழுதவைக்க வேண்டும், அதுவும் இந்த மாதமே என்றார். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்குத் திறந்து, எல்லா கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, மறுபடி பூட்டிவிடுவார்கள். ஆகவே வலைப்பூ என் செல்போனில்தான் பூத்தது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுப்பவள். வீடு வேப்பம்பட்டில், பள்ளியோ தேர்வாய் கண்டிகைப் பக்கம். ரயில், பஸ், ஷேர் ஆட்டோ என்று ஏறி இறங்கி உள்ளே நுழையும்போதே எனக்குப் பாதிக் கோபம் வந்திருக்கும். மீதியைத் தர எங்கள் தலைமையாசிரியர் இருந்தார். “தமிழ் டீச்சர்தானே, நீங்களே பாத்துக்கங்க” என்று வலைப்பூவை என் தலையில் கட்டியவர் அவர்தான். கட்டியவர் சும்மா விட்டாரா? பாஸ்வேர்டு தன் பெயராக இருக்க வேண்டும் என்றார். அவருக்குத் தன் பெயர்மேல் அப்படி ஓர் ஆசை. சைக்கிள் கொட்டகையில் அவர் பெயர், வேப்பங்கன்றைச் சுற்றிய வேலியில் அவர் பெயர், வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் அவர் பெயர். கழிப்பறைக் கல்வெட்டில்கூட ‘முன்னிலை’ என்று போட்டு அவர் பெயர்தான். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்று இன்றுவரை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

முதல் பதிவையும் அவரே போட்டார். அவருக்குச் சால்வை போர்த்தும் படம், அவர் சால்வை போர்த்தும் படம், இரண்டு பேரும் சால்வையோடு நிற்கும் படம். பதிவின் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் ஏறிக்கொண்டே போனது. உலகம் முழுக்கப் பார்க்கிறார்கள் டீச்சர் என்று பூரித்துப்போனார். பாடவேளைக்கு ஒரு தரம் அவரேதான் திறந்து பார்க்கிறார் என்பதைச் சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் நல்லவள்தான், சில சமயம்.

பிறகு பிள்ளைகளை எழுதச் சொன்னேன். பிடித்ததை எழுதுங்கள் என்றேன். வகுப்பில் பாதிப் பேர் ‘மரம் வளர்ப்போம்’ எழுதிவந்தார்கள், மீதிப் பேர் ‘நெகிழியை ஒழிப்போம்’. எல்லாவற்றுக்கும் முன்னுரை, முடிவுரை, நடுவில் குட்டிக் குட்டித் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு. தெருவில் ஒரு மரம்கூட இல்லாத பிள்ளைகள், கம்பெனிக்கு ரோடு போட ஏரிக்கரைப் பனைகளைச் சாய்த்ததை வேடிக்கை பார்த்த பிள்ளைகள், மரம் நமக்கு நிழல் தருகிறது, கனி தருகிறது என்று கூசாமல் எழுதியிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் பழக்கியது அப்படி. யாரோ எழுதியதை ஒழுங்காகப் பத்தி பிரித்து எழுதினால் முழு மார்க்.

முன்னுரை என்ற சொல்லையே தடை செய்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்கிற மாதிரி எழுது என்றேன். ஒரு பையன் எழுந்து, “பாத்தத மட்டும் எழுதனா எப்டி டீச்சர் ரெண்டு பக்கம் வரும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் வந்தது. ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கு வழிவிட்டுப் பள்ளத்தில் சைக்கிளோடு இறங்கி நிற்பதை ஒருத்தன் எழுதினான். ஆந்திராவிலிருந்து சொந்தக்காரர் வந்ததும் வீடே தெலுங்குக்கு மாறிவிட, பணத்தைச் சொல்லும் டப்பு என்ற சொல் மட்டும் புரிந்து, தனக்கு ஆகும் செலவைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பயந்துபோனதை ஒருத்தி எழுதினாள். செல்போனில் தட்டித் தட்டி என் கட்டைவிரல் வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். பேசவே மாட்டாள். அவள் பாட்டன் காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, இப்போது அவள் அம்மாவுக்குத் தொழிற்பூங்காவில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் பேக்கிங் வேலை. அந்தக் கம்பெனிதான் எங்கள் பள்ளிக்குத் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் கொடுத்தது. கொடுத்த அன்றைக்குப் பந்தல், ரிப்பன், கேக். கல்வெட்டும் உண்டு, முன்னிலை யார் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. புது மாப்பிள்ளை போல் இரண்டு மாதம் ஓடிய இயந்திரம், ஃபில்டர் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது.

ஃபில்டர் மாற்றித் தரச் சொல்லி கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதும் என்றேன். தலைமையாசிரியர் பதறிவிட்டார். கொடுத்ததைப் பராமரிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வந்துவிடுமாம், அப்புறம் அடுத்ததைத் தர மாட்டார்களாம். அடுத்தது ஸ்மார்ட் கிளாஸ் திரை, வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகவே கம்பெனியிலிருந்து யாராவது பார்க்க வருகிற அன்றெல்லாம் அட்டெண்டர் காலையிலேயே கடைக்குப் போய் வாட்டர் கேன் வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே ஊற்றுவார். வந்தவர் குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்துக் குடிப்பார், போட்டோ எடுப்பார்கள். இந்தச் சடங்கு எல்லோருக்கும் பழகிவிட்டது. அன்றைக்கு மட்டும் பிள்ளைகளும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

ஏதாவது ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று எழுதுங்கள் என வகுப்பில் சொன்னேன். மிக்சி, சைக்கிள், அப்பாவின் லைட்டர் என்று வந்தன. மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுதியது இது:

“எங்கள் பள்ளியில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் உள்ளது. அது விருந்தினர் வரும் நாட்களில் வேலை செய்யும். முதலில் கடையில் கேன் தண்ணீர் வாங்கி வர வேண்டும். இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து ஊற்ற வேண்டும். கீழே குழாயைத் திருகினால் அதே தண்ணீர் வரும். விருந்தினர் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வார். கேன் தண்ணீர் என்பதால் நன்றாகத்தான் இருக்கும். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து கொண்டு வருவோம். கொண்டு வராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு ஒரு மடக்கு குடிப்பார்கள். வாய் வைக்கக் கூடாது.”

சத்தியமாகச் சொல்கிறேன், அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. பார்த்ததை எழுதச் சொன்னேன், எழுதியிருந்தாள். இந்தப் பள்ளியில் நான் படித்த ஆகச் சிறந்த தமிழ் அதுதான். ஒரு எழுத்தும் மாற்றாமல் அவள் பெயரோடு வலைப்பூவில் ஏற்றினேன்.

எங்களைத் தவிர யாரும் படிக்காத வலைப்பூவை அந்த வாரம் பார்த்து ஒருவர் படித்துவிட்டார். நன்கொடை விஷயங்களைக் கவனிக்கும் கம்பெனி அதிகாரி. தலைமையாசிரியர் மேடையில் செந்தமிழ் பேசுவார், கோபம் வந்தால் ஊர்த் தமிழ் எட்டிப் பார்க்கும். அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை, இறங்கி வந்துவிட்டது.

“இன்னா டீச்சர் இது, பேஜாரா பூட்ச்சே! கம்பெனிகாரு போன் பண்ணி சிரிக்கிறாரு. திட்டனாகூடப் பரவால்ல, சிரிச்சிகினே பேசறாரு!”

“அந்தப் பொண்ணு எழுதுனது பொய்யா சார்?”

“பொய்னு யாரு சொன்னது? அத எழுதணுமான்னு கேக்கறேன். மேலிடத்துல பாப்பாங்க, மாத்திடுங்கன்னு சொல்லிட்டாரு.”

கவனியுங்கள், ஃபில்டரை மாற்றுகிறேன் என்று அந்த அதிகாரியும் சொல்லவில்லை. கட்டுரையை மாற்றச் சொன்னார். அது செலவில்லாத வேலை.

பாஸ்வேர்டுதான் இருந்ததே, தலைமையாசிரியரே உட்கார்ந்து மாற்றினார். திங்கட்கிழமை திறந்து பார்த்தால், தாகம் தீர்த்த தங்க உள்ளங்களுக்கு நன்றி என்று ஆரம்பித்து, அமுதம் போன்ற நன்னீரைப் பருகிப் பருகி நாங்கள் ஆரோக்கியம் பெற்று மகிழ்கிறோம் என்று ஓடி, வாழ்க வளர்க என்று முடிந்தது. முன்னுரை, முடிவுரை, அடிக்கோடு எல்லாம் ஜோராகத் திரும்பி வந்திருந்தன. கீழே அந்தப் பெண்ணின் பெயர்.

அதோடு விட்டாரா? வகுப்புக்கு வந்தார். அவள் பக்கத்தில் போய் நின்று, தலையைத் தடவி, “உங்கம்மா அந்தக் கம்பெனிலதான வேலை செய்றாங்க? பாத்து எழுதணும்மா. நல்லா வருவ நீ” என்றார். மிரட்டுகிறோம் என்று அவருக்கே தெரிந்ததோ என்னவோ, ஆசீர்வாதம் பண்ணுகிற முகம்தான் இருந்தது. அவள் எழுந்து நின்று, “சரி சார்” என்றாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே என்னிடம் வந்தாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

“டீச்சர், அது நான் எழுதல.”

“தெரியும்மா.”

“எங்க தெருவுல போன்ல பாத்துட்டு, இன்னாமே அமுதம் குடிக்கிறியாமேன்னு ஓட்டிகினு இருக்காங்க. நான் எழுதுனத எடுத்துட்டீங்க, சரி. எம்பேரையும் எடுத்துடுங்க டீச்சர்.”

கேட்டது அவ்வளவுதான். தான் எழுதாததற்குக் கீழே தன் பெயர் இருக்கக் கூடாது. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். கம்பெனி அதிகாரி அந்தப் பக்கத்தைத் தன் மேலிடத்துக்கு அனுப்பப்போகிறாராம், மாணவர் பெயர் இல்லாமல் மாணவர் கட்டுரை எப்படி நிற்கும்? வேறு பிள்ளை பெயரைப் போட்டால் போயிற்று என்று கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன், வேடிக்கை பார்க்கத்தான்.

வகுப்புத் தலைவனைக் கேட்டார். அவன், தான் அந்த வாரம் லீவு என்றான். பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார். “நான் ஏற்கெனவே மிக்சி எழுதிட்டேன் சார்” என்றாள். பையன்கள் பக்கம் திரும்பினார். ஒருத்தனுக்குத் தமிழ் சரியாக வராதாம். இன்னொருவனுக்கு வீட்டில் கேட்க வேண்டுமாம். கடைசி பெஞ்சில், எதற்கும் கை தூக்கிவிடுகிற ஒரு அசடன் இருப்பான், அவன்கூடக் கையை மடக்கி டெஸ்க்குக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஒருத்தரும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. என் வாழ்நாளில் அந்த வகுப்பின்மீது வந்த மரியாதை இன்னொரு வகுப்பின்மீது எனக்கு வந்ததில்லை.

வராந்தாவுக்கு வந்ததும், “உங்க பேரையே போட்டுடலாமே சார். நீங்கதான எழுதுனீங்க?” என்றேன்.

நின்றுவிட்டார். சைக்கிள் கொட்டகை, வேப்பங்கன்று, கழிப்பறை எதையும் விடாத மனிதர் அவர்.

“எனக்கு எதுக்கு டீச்சர் பேரும் புகழும்” என்றார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவு காணாமல் போயிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அது போய்விட்டது, நீ எழுதியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது, திரும்பப் போடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் டீச்சர். அம்மாவுக்குக் காண்ட்ராக்ட் முடியற நேரம். உம்பொண்ணு எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு சூப்பர்வைசர் கேட்டாராம்.”

சூப்பர்வைசர் சும்மாகூடக் கேட்டிருக்கலாம். பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த தைரியத்தில் சொல்வது? சம்பளம் எனக்கு அரசாங்கத்திலிருந்து வருகிறது. சரி போ என்றேன். பார்த்ததை எழுது, பார்த்ததை எழுது என்று கத்தியவள் நான். பார்த்ததை எழுதியவள் வீட்டில் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

ஸ்மார்ட் கிளாஸ் திரை வந்தது. அன்றைக்குக் காலையில் அட்டெண்டர் வழக்கம்போல ஸ்டூலில் ஏறி நின்றார். திரையில் முதலில் எங்கள் வலைப்பூவைத்தான் போட்டுக் காட்டப்போகிறோம், புதிதாக ஏதாவது ஏற்றுங்கள் என்று தலைமையாசிரியர் அவசரப்படுத்தினார். பிள்ளைகளிடம் கேட்டேன். முதல் ஆளாக எழுந்து வந்து தாளை நீட்டியவள் அவள்தான்.

‘மரம் வளர்ப்போம்’. முன்னுரை, மரத்தின் பயன்கள், நமது கடமை, முடிவுரை. எல்லாவற்றுக்கும் ஸ்கேல் வைத்து அடிக்கோடு. என் கையிலிருந்து அதை வாங்கிப் படித்த தலைமையாசிரியரின் முகம் மலர்ந்துபோனது. “பாத்தீங்களா டீச்சர், இப்பதான் புள்ள நல்லா எழுதுது” என்று சொல்லிவிட்டு விருந்தினரை வரவேற்க ஓடினார்.

செல்போனில் தட்டி முடித்தேன். பெயர் போடும் இடத்துக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குக் கிளம்பியவளைக் கூப்பிட்டு, உன் பெயர் போடட்டுமா வேண்டாமா என்று கேட்டேன்.

“போட்டுக்கங்க டீச்சர்” என்றாள். “இதுல நான் ஒண்ணும் எழுதலயே.”