இல்லாத பயிரும் சோலார் மனுவும்

மனு எழுதும் தொழிலில் ஆளை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம், பைச் சத்தமே போதும். சரசரவென்று நைலான் பை திறந்தால் நில விவகாரம். சத்தமில்லாமல் துணிப்பை வந்தால் வாரிசுச் சான்று. எனக்கு இரவில் அரிசி ஆலைக் காவல், பகலில் தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு மேசை. தூக்கம் பிடிக்காமல் ஆலை விளக்கடியில் அரசாணைகளைப் படித்துப் படித்தே சட்டம் பழகியவன். ஆபீஸ் வரிசையில் நின்று கால் கடுத்த உங்களுக்கு ஒரு மனுவின் அருமை தெரியாததா? இப்போது எல்லாருக்கும் சோலார் வேண்டும். எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

வாய்க்கால் மேலே

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வயலில் ஒரு குழி நிலம்கூட வீணாகக் கூடாதென்று, பக்கத்துப் பாசன வாய்க்காலின் மேல் சோலார் பலகை பரப்ப அனுமதி கேட்டு வந்தார். அது புறம்போக்கு, தூர்வார பொக்லைன் இறங்க வேண்டிய இடம், தனியாருக்குத் தரமாட்டார்கள் என்றேன். "தண்ணிதான் ஒழுங்கா வரமாட்டேங்குது, வெயிலாவது பிரயோஜனப்படட்டும்னு பார்த்தேன்."

பூங்கொடியின் இரண்டு ஏக்கர்

முத்துப்பேட்டைப் பக்கம், பாசனம் முடியும் கடைமடையில் பூங்கொடிக்கு இரண்டு ஏக்கர். வடிகால் வழியே கடல் தண்ணீர் ஏறி மண் உப்பாகி, ஆறு வருஷமாக அங்கே நாற்று நிற்பதில்லை. இறால் பண்ணைக்காரர் விலைக்குக் கேட்கிறார். சோலார் கம்பெனி ஒன்று குத்தகைக்குக் கேட்கிறது. குத்தகை என்றால் நிலம் அவள் பேரிலேயே இருக்கும். ஆனால் பதிவேட்டில் அது நஞ்சை. தொடர்ந்து சாகுபடி இல்லை என்று சான்று கிடைத்தால்தான் சோலாருக்கு வழி. பையிலிருந்த பட்டாவை என் மேசைமேல் விரித்துத் தடவிவிட்டாள். "எம் பேருன்னு எழுதியிருக்கிறது ஒலகத்துல இது ஒண்ணுலதாண்ணே."

என் கையெழுத்து

அந்தச் சான்றுக்காக இருவரும் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனோம். புதிதாக வந்திருந்த வி.ஏ.ஓ. சின்னப் பெண். வயல்வாரியாக என்ன பயிர் என்று எழுதும் அடங்கலைப் பொறுமையாகப் புரட்டினார். வருஷத்துக்கு வருஷம் காலி. மூன்று வருஷத்துக்கு முன் மட்டும் நெல். ஆதாரமாக ஒரு மனு. எழுத்து என்னுடையது. வெள்ளம் வந்த அந்த வருஷம் ஊரே நிவாரணத்துக்கு எழுதியபோது, விதைக்கவே விதைக்காத பூங்கொடிக்கும் சேர்த்து எழுதியவன் நான்தான். 'பால் பிடித்து நின்ற சம்பாப் பயிர் என் கண்ணெதிரே நீரில் மூழ்கியது.' வி.ஏ.ஓ. அந்த வரியை இரண்டு தரம் படித்தார். "இவ்வளவு அழகா நின்ன பயிர, இல்லவே இல்லைன்னு நான் எப்படிண்ணே எழுதுறது?"

உப்பு

என் மேசைக்குத் திரும்பியதும் பூங்கொடியிடம் மறைக்காமல் சொன்னேன். அன்று எழுதியது பொய் என்று ஒப்புக்கொண்டு, மண் பரிசோதனை கேட்டு மனுப் போடலாம். வாங்கிய நிவாரணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வழக்குகூட வரலாம், அதில் நானும் இருப்பேன். அதுவரை கம்பெனி காத்திருக்குமா, தெரியாது. பேசாமல் இருந்துவிட்டால் இறால்காரருக்குக் கிரயம்தான்.

"பொய்ய எழுதுனது நீங்க, கையெழுத்துப் போட்டது நானு. ரெண்டு பேருமா போயி நிப்போம்" என்று சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து மேசைக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள். "எழுதுங்கண்ணே. இந்தத் தடவ அழகா எல்லாம் எழுதாதீங்க. உப்புன்னு மட்டும் எழுதுங்க."

இத்தனை வருஷத் தொழிலில் அழகாக எழுத வேண்டாம் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்பதால் கொஞ்சம் தடுமாறிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வழக்கம்போல் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்தேன்.