வராத சுமதி

ஜூன் 12, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். எட்டே முக்காலுக்கு மகளைப் பள்ளியில் விட்டபோது, புதிதாகப் பிரித்த சாக்பீஸ் பெட்டியின் வாசனை வந்தது. இப்போது வீடுகள் எழும்பிவிட்ட எங்கள் ஊர் வேங்கிக்கால் காலிமனை நினைவுக்கு வந்தது.

1995-இல், ஐந்தாம் வகுப்பில், செவ்வாய்தோறும் தோழி கலா வீட்டு டிவியில் ஒரு பள்ளிக்கூட நாடகம் பார்ப்போம். மறுநாள் மாலை காலிமனைச் சுவரில் சாக்பீஸால் கரும்பலகை வரைந்து, பார்த்ததை அப்படியே நடிப்போம். டிவி அவளுடையது என்பதால் டீச்சரும் கலாதான், வேஷம் பிரிப்பவளும் கலாதான். எனக்கு எப்போதும் சுமதி வேஷம். நாடகத்தில் வருகைப் பதிவின்போது சுமதியின் பெயரை மட்டும் கூப்பிடுவார்கள், "ஆப்சென்ட்" என்று பதில் வரும். அவள் ஒருநாளும் வந்ததில்லை. நான் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, எறும்புகளைப் பார்த்தபடி மற்றவர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு செவ்வாய், டிவியில் டீச்சர் பதிவேட்டைத் திறந்ததுமே கரண்ட் போய்விட்டது.

"மீதிய எப்படிடி நடிக்கறது?" என்றாள் கலா.

"நாளைக்கு சுமதி வரட்டும்" என்றேன்.

"அவ வரவே மாட்டாடி."

"நீ பாத்தியா?"

கலா யோசித்தாள். "சரி, வந்து தொலை. ஆனா லேட்டா வந்ததுக்கு முட்டி போடணும்."

மறுநாள் காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், கண்ணாடி முன் நின்று, "உள்ள வரலாமா டீச்சர்?" என்று சொல்லிப் பார்த்தேன்.